நான் வெட்டிய நான்காவது கட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் தமிழ்ப் பள்ளித் தலைவர் சுவாமிநாதன் அங்கிள் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் ஞானமணி ஆண்ட்டி அவர்களே, ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊர்ப் பெரியோர்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வகுப்புத் தோழர்களே! வணக்கம். போனை உள்ளே வைக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

நான் ரோஷினி. வயது பதினாறு. ஒருமுறை இந்த ஹால் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்து, எல்லோரையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியவள்.

மருந்தியல் வல்லுநர் தியாகராஜா அங்கிளைச் செவ்வாய்க்கிழமை இழந்தோம். எந்த மருந்து, கொடுக்கும் காசுக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒப்பிடுவது அவர் தொழில். வாரமெல்லாம் கம்பெனிக்குச் செய்தார். சனிக்கிழமைகளில் நமக்குச் செய்தார். கண் அழுத்த நோய் உள்ள நம் பெற்றோரில் எத்தனை பேர் காசு மிச்சம் பிடிக்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சொட்டு மருந்து போட்டார்கள்? கை தூக்க வேண்டாம். அவருக்கு எல்லோரையும் தெரியும்.

இந்த ஹால் வாசல் மேஜையில் உட்காரவைத்து, சொட்டு விடச் சொல்லி எண்ணுவார். "கண்ணுக்கை விழுந்தால் மருந்து. கன்னத்திலை விழுந்தால் வெறும் தண்ணி" என்பார் தன் இலங்கைத் தமிழில். அவருடைய பயிற்சிப் புட்டியில் ஒருநாள் உருளும் பொம்மைக் கண்களை ஒட்டிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பிள்ளை, இதுக்கு அழுத்தம் பாத்தாச்சோ?" என்று மட்டும் கேட்டார். கடைசிவரை அவற்றைப் பிய்க்கவில்லை.

டாக்டர்கள் முதலில் எழுதிக்கொடுக்கும் சொட்டு மருந்துகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டவர் அவர். நான்கு கட்டங்கள்: புட்டியின் விலை, ஆண்டுச் செலவு, அழுத்தம் எவ்வளவு இறங்கும், யாருக்கு ஆகாது. நாம் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வோம். "என்ன விலை எண்டு பிறகு கேளுங்கோ. ஆருக்கு எண்டு முதல் கேளுங்கோ" என்பார்.

புதன்கிழமை, அஞ்சலியாக, அந்த அட்டவணையை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். திரையில் அடங்கவில்லை என்று கடைசிக் கட்டத்தை வெட்டினேன். இருப்பதிலேயே மலிவான மருந்துக்குக் கிரீட எமோஜி வைத்தேன். மேலே அங்கிளின் புகைப்படம். நீங்கள் கைகூப்பும் எமோஜி போட்டு, மற்ற குழுக்களுக்கும் அனுப்பினீர்கள். எங்கோ தூரத்தில், ரவுண்ட் ராக் ஊரிலிருந்து என் சித்தி எனக்கே திருப்பி அனுப்பினார்.

வெட்டிய கட்டத்தில் அந்த மருந்துக்கு நேரே என்ன இருந்தது? ஆஸ்துமா உள்ளவர்கள் போடவே கூடாது, மூச்சு அடைக்கும் என்று இருந்தது.

இன்று காலை புஷ்பவல்லி டீச்சர் குழுவில் எழுதியிருந்தார்: "கோயம்புத்தூர்ல இருந்து அக்கா இதே டிராப்ஸ் குடுத்துவிட்டிருக்கா. தியாகு அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும். இன்னைக்கு ஸ்டார்ட் பண்றேன்."

டீச்சரின் கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அவரிடம் படித்த எங்களுக்குத் தெரியும். நான்கு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. முழு அட்டவணையை அனுப்பினேன். நீல டிக் வரவில்லை.

அங்கிள், உங்கள் சனிக்கிழமை மேஜையை நாங்கள் நடத்துவோம். நான்கு கட்டங்களோடும் நடத்துவோம். ஆனால் அது அடுத்த சனிக்கிழமை. இப்போது எல்லோரும் போனை எடுங்கள். நான் போட்ட அட்டவணைப் படத்தை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களிடம், டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மணியன் அங்கிள், இப்போதுதான் உள்ளே வருகிறீர்கள். டீச்சர் உங்களோடு வரவில்லையா? உங்கள் வீட்டு நம்பருக்கு அடியுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள். மருந்து போட்டிருந்தால் உடனே டாக்டரை அழைக்க வேண்டும்.

டீச்சர் போனை எடுக்கும்வரை நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.