அசையாத தகரக் கூரை

எங்கள் வீட்டுக் கதவுகளை நானே இழைத்துக்கொள்வேன். தச்சரைக் கூப்பிட்டால் பாதிக் கதவைச் சீவித் தள்ளிவிட்டுப் போய்விடுவார். கதவு பிடிக்கிறது என்று மனைவி சொன்னதும் இழைப்புளியை எடுத்து, பிடிக்கிற இடத்தில் மட்டும் பதமாக ஓட்டினால் போதும். கடைசி ஒரு வருடமாக அடிக்கடி ஓட்ட வேண்டியிருந்தது. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

சுரங்க நிர்வாகத்தில் என் வேலை, ஊர் எவ்வளவு அமிழ்கிறது என்று பார்ப்பது. அடியில் தோண்டினால் மேலே கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். செயற்கைக்கோள் ஒன்று வானத்திலிருந்து ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்யும். அடுத்த சுற்றில் மறுபடியும் அதே வேலை. இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், தரை சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். இறங்கிய இடம் சிவப்பு, அசையாதது பச்சை, ஏறியது நீலம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஏதாவது ஓர் இடம் அசையவே அசையாது என்று நாம் முதலில் சொல்லிவிட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் மெஷின் அளக்கும். ஆதாரப் புள்ளி என்போம். பாறைமேட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் எங்கள் ஆதாரப் புள்ளியாக இருந்தது.

இனி என் சகலை. பல் டாக்டர். மாமனார் தன் இரண்டு பெண்களுக்கும் ஒரே தகரக் கூரையின் கீழ் இரட்டை வீடு கட்டிக் கொடுத்தார். ஒரு பாதியில் நாங்கள், மறுபாதியில் சகலையும் மைத்துனியும் அவர் கிளினிக்கும். மூத்த மாப்பிள்ளை நான். ஆனால் மாமனார் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது அவரைத்தான். பல் செட் கட்டிக் கொடுத்தவர் ஆயிற்றே. எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறைமேட்டில் மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சகலை ஆரம்பித்தார்.

"சகலை, என் கிளினிக்ல வாய் கொப்பளிக்கிற பேசின்ல தண்ணியெல்லாம் ஒரே பக்கமா நிக்குது. சுவத்துல விரிசல் வேற. சொத்தைப் பல்லு மாதிரி அடியில என்னமோ நடக்குது. உங்க வானத்து மெஷின் என்ன சொல்லுது?"

"ஒரு நூல்கூட அசையல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன். உங்க பேசினைக் கோணலா மாட்டியிருப்பாங்க."

மாமனார் பல் செட் கழன்று விழுகிற மாதிரிச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் பக்கம் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

உண்மையில் நான் அதுவரை பார்த்திருக்கவில்லை. மறுநாள் பார்த்தேன். எங்கள் தெரு முழுக்க ஒரே சிவப்பு, எங்கள் கூரை உட்பட. படத்தை மேலே அனுப்பினால் தெருவையே காலி செய்து வேறு இடம் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை மாமனாரிடம் சகலை எப்படிச் சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன். உடனே ஆதாரப் புள்ளியை மாற்றினேன்.

தொட்டியிலிருந்து எடுத்து எங்கள் கூரைமேல் வைத்தேன். தகரம் ரேடாருக்குப் பளிச்சென்று தெரியும், ஆகவே யார் கேட்டாலும் சொல்ல ஒரு நியாயம் இருந்தது. அசையாது என்று நாமே சொல்லிவிட்ட இடத்தைப் பற்றி மெஷின் எதிர்த்துப் பேசாது. வீடு பச்சையானது. கூடவே இறங்கிய தெருவும் பச்சையானது. சிவனே என்று கிடந்த பாறைமேடு மட்டும் நீலமாகி, மாதாமாதம் வளர ஆரம்பித்தது.

மேனேஜர் கூப்பிட்டார். "ஏம்ப்பா, தண்ணித் தொட்டி எதுக்கு வளருது?"

"காத்துல ஈரப்பதம் கொறைஞ்சிருக்கு சார். அலை கொஞ்சம் சீக்கிரமாத் திரும்புது."

"அப்ப சரி. ஏறினா ஏறட்டும், இறங்கினாத்தான் நமக்குத் தலைவலி" என்று கையெழுத்துப் போட்டார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், நல்ல மனிதர்.

பச்சைப் படத்தைச் சட்டம் போட்டு, சகலையின் கிளினிக்கிலேயே மாட்டினேன். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்கள் கண்ணில் நேராகப் படுகிற இடம். அவர் பேசினுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகிக்கொண்டார். "மூத்தவர் சொன்னா சொன்னதுதான்" என்று மாமனார் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

பழைய ஆதாரப் புள்ளியான தொட்டியை வைத்தும் நான் தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் மனசாட்சி உண்டு. மழைக்குப் பிறகு இறக்கம் வேகம் பிடித்தது. வெள்ளையடிக்கப் போகிறேன் என்று சொல்லி, மனைவியையும் மகளையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பினேன். அக்கா போகிறாள் என்றதும் மைத்துனியும் கிளம்பிவிட்டாள். நான் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சகலை வந்து நின்றார். வழக்கமான கிண்டல் முகத்தில் இல்லை.

"சகலை, உள்ளதைச் சொல்லுங்க. வீடு இறங்குதா? இறங்குதுன்னா நானும் கிளம்பிடறேன். மாமாகிட்ட மூச்சு விடமாட்டேன்."

மூச்சு விடமாட்டேன் என்றாரே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

"வெள்ளைதான் அடிக்கப் போறேன் சகலை. உங்க பக்கமும் சேத்து அடிச்சிடவா?"

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப சரி. நாளைக்குக் காலையில ஒருத்தருக்குக் கடவாய்ப்பல் எடுக்கணும், இங்கயே இருந்துக்கறேன்."

காலையில் எங்கள் இரட்டை வீடு இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. தெருவில் மற்ற வீடுகள் விரிசலோடு தப்பின. கடவாய்ப்பல்காரர் தாமதமாக வந்ததால் அவரும் பிழைத்தார், பல்லும் பிழைத்தது. மைத்துனி அழுதாள், நானும் அழுதேன், அது நடிப்பில்லை. ஆனால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் குழிக்குள் இருந்தார். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

வெள்ளையடிப்பதற்கு எவனாவது கதவுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போவானா என்று கேட்கிறீர்கள். பார்த்துப் பார்த்து இழைத்த கதவுகள், விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. ஆமாம், விழும் என்று தெரிந்துதான் போனேன். அவர் உள்ளே இருப்பார் என்றும் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் வாக்குமூலத்தில் மேலே, வீடு இறங்கியது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். சகலையின் கிளினிக்கில் மாட்டிய படம், குழியிலிருந்து எடுத்தது, இதோ உங்கள் மேஜையிலேயே இருக்கிறது, கண்ணாடிகூட உடையவில்லை. எங்கள் வீடு எவ்வளவு பச்சையாக இருக்கிறது, பாருங்கள். அந்த வரி நாளைக்குப் பேப்பரில் வந்தால் மாமனார் படிப்பார்.