இறக்கிக் கொடுத்த நாலு அங்குலம்

உயர்த்திய வண்டியைத் திரும்பவும் பழைய உயரத்துக்கு இறக்க முடியுமா என்று கேட்டால், முடியும் சார். உயர்த்தும்போது எதையும் வெட்டியிருக்கக் கூடாது. கழற்றிய பழைய ஸ்பிரிங் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதை என்னிடம் கேட்டீர்களே, அது சரி. வேறு மெக்கானிக்கிடம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசுவான், பதில் மட்டும் வராது.

என் ஒர்க்‌ஷாப் போர்டைப் பார்த்திருப்பீர்கள். பெயருக்குக் கீழே 'முடியாதது இல்லை' என்று எழுதியிருக்கும். இருபத்தாறு வருஷமாக ஒரு வாடிக்கையாளரிடமும் நான் 'முடியாது' என்று சொன்னதில்லை. அந்த வார்த்தை வாயில் வராது, அப்படியே பழகிவிட்டது.

என் தங்கை கணவர் ஓர் அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். நல்ல மனுஷன்தான். ஆபீசில் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசியே பழகியவர், சாலையிலும் அதே வசதி வேண்டும் என்று ஆசைப்பட்டார். புது பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்பக்கம் உயரமான ஸ்பிரிங் போட்டு, பின்பக்கம் கட்டை கொடுத்து, நாலு அங்குலம் தூக்கினேன். தங்கை ஏறுவதற்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்க வேண்டியிருந்தது.

"மேலேருந்து பாத்தா எல்லாரும் எவ்ளோ சின்னதா தெரியுறாங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

"உங்களுக்கு இப்பத்தான் அப்படித் தெரியுதாக்கும்," என்றாள் தங்கை.

என் ஆட்களும் இரண்டு வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் வைத்துத்தான் அவர் கேட்டார்: "வேணாம்னா பழையபடி இறக்கித் தந்துடுவீங்கல்ல?"

"நூல் பிசகாம," என்றேன்.

எட்டு மாதம் கழித்து, இந்த உயரம் செல்லாது என்று வண்டிச் சோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமைக்குள் பழையபடி ஆக்கிக் காட்ட வேண்டும். அதற்குள் பழைய ஸ்பிரிங்குகள் இரும்புக் கடைக்குப் போயிருந்தன. இடத்தை அடைக்கிறதே என்று நானே தூக்கிப் போட்டவைதான். புதிது வந்துசேர மூன்று வாரம்.

அதைச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அதே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வேறு, "என்ன மச்சான் யோசிக்கிறீங்க, போர்டை மாத்தி எழுதணுமா?" என்றார்.

"சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க," என்றேன்.

பின்பக்கக் கட்டையை உருவிவிட்டு, முன்பக்கம் மாட்டியிருந்த ஸ்பிரிங்கையே கேஸ் நெருப்பில் காட்டினேன். சூடு ஏற ஏற அது வண்டியின் எடைக்குத் தானே அமுங்கிக்கொடுக்கும். நாலு அங்குலம் இறங்கியதும் நிறுத்தினேன். அப்படிச் சுட்ட ஸ்பிரிங் வலுவிழந்து, என்றைக்காவது ஒருநாள் ஒடியும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். எனக்கும் தெரியும். கருகின இடத்தில் கறுப்பு பெயின்ட் அடித்தேன். சோதனைக்காரர் டேப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள், டேப்பில் உயரம்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் மாப்பிள்ளையும் அந்த வண்டியில் மலைப்பாதையில் போகக் கிளம்பினார்கள். என் மகளும் அத்தை பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ இறங்கும்மா," என்றேன்.

"ஏம்ப்பா? மாமாதான் வரச் சொன்னாரு."

"வீட்ல வேலை கெடக்கு."

"ஒரு நாளும் இல்லாத வேலை," என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். தங்கை கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

மூன்றாவது வளைவில் இடது ஸ்பிரிங் ஒடிந்தது என்று சொன்னீர்கள். இருவருமே பிழைக்கவில்லை என்றும் சொன்னீர்கள். இடது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. வலதைத்தான் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டிருந்தேன்.

தங்கையையும் இறக்கியிருக்கலாமே என்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை சார். ஒருத்தியை இறக்கினால் வீட்டு வேலை என்று விட்டுவிடுவார்கள். இரண்டு பேரை இறக்கினால், என் வேலையில் எனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா?