அஞ்சு செக்கன்

— கழுத்த விடுங்க லெட்சுமணன்! மூச்சு முட்டுது!

— முட்டட்டும்டா முஹ்ஸின்! என் சம்சாரம் பாலம்மா கண்டி ஆஸ்பத்திரியில கெடக்குறா. வலது கை மணிக்கட்டோட போச்சு.

— யா அல்லாஹ்! எப்பிடி?

— நீ புரோகிராம் எழுதிக் குடுத்தியே, ஹேவாஹெட்ட தேயில பெக்டரியில கொழுந்து வெட்டுற மிசினு, அதுலதான். நிப்பாட்டிட்டு மூடியத் தெறந்து, அடைச்ச கொழுந்த எடுக்கக் கைய விட்டா. உள்ள கத்தி சுத்திக்கிட்டு இருந்திச்சு.

— அப்பிடி நடக்க ஏலாது! நிப்பாட்டி அஞ்சு செக்கனுக்குப் பொறகுதான் மூடி தெறக்கும். புரோகிராம்ல அந்த வரி ஈக்கிது.

— அந்த வரிய எடுத்தாச்சு.

— யாரு எடுத்த?

— இந்தா வாங்கிக்க! கேள்வி நான் கேக்குறேன். அந்த வரிக்கு மேல என்னா குறிப்பு எழுதுன?

— என்ட பல்லு... ரத்தம் வருது...

— சொல்லுடா! இல்லாட்டி இந்த ஸ்பேனராலயே மண்டையப் பொளந்துருவேன்.

— 'அஞ்சு செக்கன் பொறு'ண்டு எழுதின.

— அதத்தான் கீழ உள்ள வரியே சொல்லுதே! ஏன் பொறுக்கணும்னு எங்கடா எழுதுன?

— பாக்கிறவனுக்கு வெளங்கும்ண்டு நெனச்ச...

— இங்க கட்டுகஸ்தோட்டயில ஃபேனுக்குக் கீழ குந்திக்கிட்டு நெனச்சியா? அடைக்கிற நேரமெல்லாம் அஞ்சு செக்கன் வீணாப் போவுதுன்னு தொர நாளெல்லாம் ஏசுறாரு. எடுத்தவன் வாசிச்சுப் பாத்தான். காரணம் ஒண்ணும் எழுதல. எடுத்துட்டான்.

— எனக்கு ஒரு போன் கோல் எடுத்துக் கேட்டீந்தா சொல்லீப்பேனே! என்னய அடிக்கிறீங்க, சரி, அடிங்க. அவனயும் போய் அடிங்க! அவனும் ஒரு மனிசனா?

— வாய மூடு! கம்ப்யூட்டரத் தெற. வரியத் திரும்பப் போடு. மேல காரணத்த எழுது. ராவோட ராவா மிசின்ல ஏத்தணும், காலையில வேற பொம்பள அதுல நிப்பா.

— வரியப் போட்டாச்சு... கொஞ்சம் இருங்க... 'மோட்டர் நின்ற பிறகும் கத்தி ஐந்து செக்கன் சுற்றும். அதற்குள் மூடி திறந்தால் கை போய்விடும். இந்த வரியை எடுக்க வேண்டாம்.' போதுமா?

— போதாது. இன்னும் எழுது.

— இன்னும் என்ன எழுத?

— 'ஒரு தடவை எடுத்தாச்சு. எடுத்தவன் பெக்டரி இலெக்ட்ரீசியன் லெட்சுமணன். கை போனது அவன் சம்சாரத்துக்கு.'