அரசமரத்தடியில் முடிந்த தேர்தல்

இரும்புக்கடை நடத்தினாலும் இதயத்தில் ஈரம் காயாதவர், இந்த அவையின் தலைவர், ஐயா கியாசுதீன் அவர்களே! மாலையும் கழுத்துமாக வீற்றிருக்கும் எங்கள் வார்டின் புதிய நகரமன்ற உறுப்பினர், மரவாடி அதிபர் திரு. காத்தமுத்து அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! மேடையில் இடம் போதாமல் கீழே நிற்கும், அவர்களினும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தீர்களோ, அணைக்காமலே வந்தீர்களோ, இடப்புறம் பாய் விரித்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உறையூர்ப் பெருமக்களே! இதே தெருவில் பிறந்து, இதே தெருப் பள்ளியில் தமிழாசிரியனாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் இருதயநாதனின் அன்பு கலந்த, அழுகை கலந்த வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக!

அழுகை எதற்கு என்று முன்வரிசையில் ஒருவர் முகம் சுளிக்கிறார். ஐயா, என்னை அழைத்தது பாராட்டு விழாவுக்கு. நோட்டீசில் என் பெயருக்கு நேரே வாழ்த்துரை என்று அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு நாளாக வாழ்த்து தேடினேன். வசை கூட வந்தது, வாழ்த்து வரவில்லை. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். அது வாழ்த்தா வசையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் வயது முப்பத்தாறு. ஓட்டுப் போடும் வயது வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. டெல்லிக்கு ஆள் அனுப்ப ஓட்டுப் போட்டேன். சென்னைக்கு ஆள் அனுப்ப ஓட்டுப் போட்டேன். ஆனால் என் வீட்டு வாசல் சாக்கடைக்காகப் பேச, என் தெருக்குழாய்க்காகப் பேச, என் தெரு விளக்குக்காகப் பேச ஓர் ஆளை அனுப்ப நான் ஒரு முறையாவது ஓட்டுப் போட்டதுண்டா? நீங்கள் போட்டதுண்டா? எப்படிப் போடுவோம்? தேர்தலே நடக்கவில்லையே! தனி அதிகாரி வந்தார், தனி அதிகாரி போனார், அடுத்த தனி அதிகாரி வந்தார். எழுபத்தேழில் வெள்ளம் வந்து இந்தத் தெருவின் கீழக்கோடி கழுத்தளவு முழுகியபோதும் மனு எழுதினோம். மனுவுக்கு அதிகாரி உண்டு, அதிகாரிக்கு மேசை உண்டு, மேசைக்கு இழுப்பறை உண்டு. அந்த இழுப்பறையை யார் திறப்பது என்று கேட்கத்தான் நமக்கு ஆள் இல்லை.

அப்படிக் கிடந்த நமக்கு, இந்த எண்பத்தாறில், உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வராது வந்தது! நாம் அதை என்ன செய்தோம்?

கீழக்கோடியில் தையல் மெஷின் வைத்திருக்கும் அமலராணியை உங்களுக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தில் பாதி ரவிக்கை அவர் தைத்தது. சென்ற ஐப்பசி மழையில் சாக்கடை உடைந்து குழாய்த் தண்ணீரில் கலந்ததும் உங்களுக்குத் தெரியும். வாந்தி பேதியில் அவருடைய இளைய மகளைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும், திரும்பி வரும்போது அந்தக் குழந்தையைத் துணி போர்த்திக் கொண்டுவந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தத் தாய் அழுது ஓய்ந்த பிறகு என்ன செய்தார்? யாரையும் சபித்தாரா? இல்லை. வீடு வீடாக ஏறினார்.

"அக்கா, லிஸ்ட்டுல பேரு சேர்த்திருக்கீங்களா? இல்லேன்னா வாங்க, நானே ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன். இந்தத் தடவை நான் நிக்கப் போறேன். ஜெயிச்சா மொத வேலை அந்தக் குழாய்தான்."

இதுதான் அவர் பேசிய ஒரே மேடைப்பேச்சு. கணவர் குவைத்தில் இருக்க, வாசல் தாண்டிப் பேசாத நசீரா கூட அவரோடு பஸ் ஏறிப் போய்ப் பெயர் சேர்த்துவிட்டு வந்தார். எத்தனை பெண்கள்! கணவன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள், தம் பெயரையே மறந்துபோனவர்கள், யாரோ ஒருவரின் அம்மாவாக மட்டுமே வாழ்ந்தவர்கள், தம் சொந்தப் பெயரைச் சொல்லி வாக்காளர் ஆனார்கள். என்னம்மா, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்த ஒரு வாரம்தான் இந்தத் தெருவில் சிரிப்பு இருந்தது.

அதே வார்டில் திரு. காத்தமுத்துவும் மனுப் போட்டார். அவருக்கு உரிமை இருக்கிறது. நல்லவர். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் பந்தல் காலுக்கு மரம் கேட்டால் மறுத்ததில்லை. இரண்டு பேர் நின்றால் போட்டி. போட்டி வந்தால் ஓட்டு. ஓட்டு விழுந்தால் முடிவு. உலகமெல்லாம் இதைத் தேர்தல் என்கிறது. நம் பெரியவர்கள் இதைச் சண்டை என்றார்கள்!

வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முதல் நாள், சாயங்காலம், அரசமரத்தடிப் பிள்ளையார் வாசலில் தெருவே கூடியது. நானும் இருந்தேன், நீங்களும் இருந்தீர்கள். "எத்தனையோ வருஷம் ஒத்துமையா இருந்துட்டோம். ஒரு எலக்‌ஷனுக்காகத் தெரு ரெண்டாப் போகணுமா? சாமிகிட்ட விட்டுருவோம். பூக்கட்டிப் பார்த்துருவோம்" என்றார் ஒரு பெரியவர். பெண் பார்க்கப் போவதற்கு முன் பூக்கட்டிப் பார்ப்போம். கிணறு வெட்டப் பூக்கட்டிப் பார்ப்போம். ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று கூடப் பூக்கட்டிப் பார்த்த வீடுகள் இங்கே உண்டு. கவுன்சிலருக்குப் பூக்கட்டிப் பார்த்த தெரு, தாய்மார்களே, தமிழ்நாட்டிலேயே நம் தெருவாகத்தான் இருக்கும்!

அமலராணி என்ன சொன்னார்? "ஓட்டுப் போட்டுத் தோத்தா தோத்துட்டுப் போறேங்க. பூவுல எதுக்குங்க?" என்றார். உடனே கூட்டம் முணுமுணுத்தது. சாமியையே வேண்டாம் என்கிறாளே என்றது ஒரு குரல். கோயிலுக்குப் போகிறவள் அல்லவே, மாதா கோயிலுக்குப் போகிறவள், அதனால்தான் பயப்படுகிறாள் என்றது இன்னொரு குரல். அந்த ஒரு சொல்லில் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. எல்லாச் சாமியும் ஒண்ணுதான். கட்டுங்க" என்று ஒதுங்கி நின்றார். சாமியின் பெயரைச் சொல்லி ஒருவரை மடக்கிவிட்டால் அதற்கு மேல் அவர் எங்கே போவார்?

வெள்ளைப் பூ அமலராணிக்கு, சிவப்புப் பூ காத்தமுத்துவுக்கு. பொட்டலம் கட்டியவர் நம் பூக்கார வெள்ளையம்மாள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர் என்று எடுக்கவும் அவரையே சொன்னார்கள். சூடம் காட்டினார்கள். எல்லாரும் கைகூப்பினோம். வெள்ளையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே செவ்வரளி. தெருவே "பிள்ளையாரப்பா!" என்றது. மறுநாள் அமலராணி வாபஸ் வாங்கினார். போட்டியின்றித் தேர்வு! வெடி வெடித்தோம். சர்க்கரை கொடுத்தோம். ஒற்றுமை காத்த தெரு என்று நம் முதுகை நாமே தட்டிக்கொண்டோம்.

அங்கே ஒரு தம்பி கைதட்டுகிறார். தட்டாதீர்கள் தம்பி, இன்னும் முடியவில்லை.

மாசி மாதம் ஓட்டுப்பதிவு நாள். நகரமன்றத் தலைவருக்காக நம் பள்ளிக்கூடத்திலும் பூத் இருந்தது. ஆண்கள் வரிசையில் நான், பெண்கள் வரிசையில் நசீரா. சில வாரமாகப் பாலக்கரையில் தாய்வீட்டில் தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக இருந்தவர், இதற்காகவே முதல் பஸ் ஏறி வந்திருந்தார். தெருவில் நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. உள்ளே ஒரே ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அவர் நகரவில்லை.

"இன்னொரு சீட்டு குடுங்க."

"ஒண்ணுதாம்மா. உங்க வார்டுக்கு ஓட்டு இல்ல. போட்டி இல்ல."

"இல்லீங்க, அமலராணி அக்கா நிக்கிறாங்க. அவங்களுக்குப் போடத்தான் நான் வந்தேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நசீரா திரும்பி என்னைப் பார்த்தார். "வாத்தியாரண்ணே, அவங்களுக்கு எங்கே போய் ஓட்டுப் போடறது?" என்றார். அன்று அவர் விரலில் மை வைத்தார்கள். முகம் தெரியாத ஒரு தலைவருக்காக வைத்த மை. அறிந்த ஒருத்திக்காக, அடுத்த வீட்டு அக்காவுக்காக, அவர் கொண்டுவந்த ஓட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

சரி, போகட்டும். வந்தவராவது செய்வார் என்று இருந்தோம். போன வாரம் கீழக்கோடிப் பெண்கள் குடத்தில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மரவாடிக்குப் போனார்கள். அமலராணியும் போனார். தண்ணீரைக் காட்டினார்கள். எப்போது குழாய் மாற்றுவீர்கள் என்று கேட்டார்கள். நம் உறுப்பினர் என்ன சொன்னார்?

"நீங்களா எனக்கு ஓட்டுப் போட்டீங்க? எனக்கு ஓட்டுப் போட்டது பிள்ளையாரு. நான் அவருக்குத்தான் பதில் சொல்லணும்."

உறுப்பினர் ஐயா எழுந்திருக்கிறார். "வாத்தியாரே, அது தமாஷுக்குச் சொன்னதுங்க!" என்கிறார். தெரியும் ஐயா. தமாஷுக்குத்தான் சொன்னீர்கள், அந்தப் பெண்களும் சிரித்துக்கொண்டுதான் திரும்பினார்கள். உட்காருங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. தமாஷாகச் சொன்னாலும் நீங்கள் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? நாங்கள் போட்டிருந்தால் அல்லவா கேட்கலாம்? தோற்றவருக்குப் போட்டிருந்தாலும் கேட்கலாமே! அடுத்த முறை பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லலாமே! அந்த ஒரு வார்த்தைக்கு அஞ்சித்தானே பதவியில் இருப்பவன் குழாயைத் திருத்துகிறான்? அந்த அச்சத்தை நாமே அரசமரத்தடியில் அவிழ்த்து விட்டோம். நம் ஊர் வெக்காளியம்மன் எல்லாருக்கும் வீடு வரும்வரை தனக்குக் கூரை வேண்டாம் என்று வெயிலிலும் மழையிலும் நிற்கிறாள் என்போம். அப்படிப்பட்ட தெய்வங்கள் குடியிருக்கும் ஊரில், எந்தத் தெய்வம் உன் ஓட்டை எனக்குக் கொடு என்று கேட்டது? பூவுக்குச் சாக்கடை நாறுமா? பூவுக்கு வயிற்றுவலி வருமா? பூ ஒரு பிள்ளையைத் துணி போர்த்தித் தூக்கி வந்திருக்கிறதா?

தொண்டை கட்டுகிறது என்று சோடாவை நீட்டுகிறார்கள். நன்றி. கவனித்தீர்களா? மேடையில் தண்ணீர் இல்லை. எல்லாருக்கும் சோடா. நம் தெருத் தண்ணீரை நம் தெரு மேடையில் வைக்க நமக்கே துணிவு இல்லை.

பெருமக்களே, நான் நம்பிக்கை சொல்ல வரவில்லை. என்னிடம் இல்லாததை எப்படிச் சொல்வேன்? அடுத்த தேர்தல் என்று வரும்? யாருக்குத் தெரியும்? இதற்கே இத்தனை ஆண்டு ஆயிற்று. அது வரும்போது எனக்கு நரைத்திருக்கும். நசீரா பாட்டியாகியிருப்பார். வரப்போகும் ஐப்பசிக்கு மட்டும் இவ்வளவு தாமதம் கிடையாது. அது வந்தே தீரும். அமலராணிக்கு மூத்த மகள் ஒருத்தி இருக்கிறாள். அவளும் அந்தக் குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். நாற்காலிக்காரர்கள், பாய்க்காரர்கள், நிற்பவர்கள் எல்லாரும் கேளுங்கள். அன்றைக்கு ஓட்டு நடந்திருந்தால், மனச்சாட்சியைத் தொட்டு, அமலராணிக்குப் போட்டிருப்பேன் என்பவர்கள் கை தூக்குங்கள். வெட்கப்படாதீர்கள். எந்த அதிகாரியும் இதை எண்ண வரமாட்டார். ஆத்தா வெள்ளையம்மா, இரண்டு கையையும் தூக்காதே, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான்! என்ன ஆத்தா சொல்கிறாய்? "எடுத்தது இந்தக் கைதாங்க, அதனால அதையும் சேர்த்துத் தூக்குறேன்" என்கிறாயா? அழாதே ஆத்தா. உன் கை என்ன செய்யும்?

அடடா! நாற்காலிகளிலும் தூக்குகிறார்கள். தலைவர் ஐயா கியாசுதீனும் தூக்குகிறார். அமலராணி அம்மா, தூணுக்குப் பின்னால் நிற்காதீர்கள், ஒரு முறை திரும்பிப் பாருங்கள். இது நீங்கள் ஜெயித்த தேர்தல். காத்தமுத்து ஐயா, நீங்களும் பாருங்கள், உங்களைக் கேள்வி கேட்டிருக்க வேண்டிய கைகள் இவைதாம்.

போதும். இறக்கிவிடுங்கள். இதனால் எதுவும் மாறப்போவதில்லை. இத்தனை கைகள் இருந்தன, என் மக்களே. அன்று சாயங்காலம் இத்தனை கைகளும் கும்பிட்டுக்கொண்டிருந்தன.

பேச இடம் கொடுத்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட உறுப்பினருக்கும், தூக்கிய கைகளுக்கும், தூக்க முடியாமல் தவித்த கைகளுக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போனதும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். வணக்கம்.