முப்பத்தெட்டு ஜர்னலும் ஒரு புதுப் பூட்டும்

— அந்த கிரில்லப் பிடிச்சு ஆட்டாதீங்க ஹரிராம் சார். தொண்ணூத்திரெண்டுல போட்டது. ரொம்ப ஆட்டினா சுவரு பேந்து வரும், கேட்டு வராது.

— மேடம், வெளிய இருந்து பூட்டிட்டாங்க மேடம்! உங்க லைப்ரரிய உங்க பிள்ளைகளே பூட்டிருக்கு. நீங்க என்னன்னா உக்காந்து புஸ்தகத்துக்கு லேபிள் ஒட்டிக்கிட்டு இருக்கீங்க!

— ஒட்ட வேண்டியது இருக்கே. இன்னும் நாப்பது பாக்கி.

— மாத்துச் சாவி இருக்குமே உங்ககிட்ட?

— பழைய பூட்டுக்கு இருந்துச்சு. இது புதுப் பூட்டு சார், பாத்தாலே தெரியுதுல்ல?

— ஏய், யாரும்மா வெளிய? யாரு பூட்டினது?

— நான்தாண்ணே, இந்துப்ரியா. கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட், பி.எச்டி. மூணாவது வருஷம். எங்கூட பதினாலு பேரு படிக்கட்டுல உக்காந்திருக்காங்க. மேடம், மன்னிச்சுக்கங்க. கோவம் உங்க மேல இல்ல, சத்தியமா. இந்த அண்ணன் மேலதான்.

— நான் என்னம்மா பண்ணினேன்? நான் ஒரு சந்தா ஏஜென்ட்டு. சிம்மக்கல்லுல இருந்து ஸ்கூட்டர்ல வாரேன், என்னென்ன ஜர்னல் வேணும்னு லிஸ்ட்ட வாங்கிட்டுப் போறேன். அம்புட்டுதான் என் வேலை.

— போன மாசம் பத்தாம் தேதியில இருந்து ஒரு ஜர்னல்கூட கம்ப்யூட்டர்ல திறக்கல. முப்பத்தெட்டும் அவுட்டு! எதைத் தட்டினாலும் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ன்னு வருது. திங்கக்கிழமைக்குள்ள நான் என் கட்டுரையைத் திருத்தி அனுப்பணும். பாக்க வேண்டிய ஏழு பேப்பரும் அதுக்குள்ளதான் இருக்கு. நீங்க ஜர்னலத் திறங்க, நாங்க கேட்டத் திறக்கிறோம். அதுவரைக்கும் உள்ளயே இருங்க.

— போலீஸுக்குப் போன் போடட்டுமா மேடம்? கையில செல்லு இருக்கு.

— போடுங்களேன். என்னன்னு சொல்லுவீங்க? படிக்கணும்னு சொல்லி பதினஞ்சு பிள்ளைங்க என்னைப் பூட்டி வச்சிருக்குன்னா? சிரிச்சுட்டு வச்சிருவாங்க.

— பிரின்ஸிபாலு?

— சென்னையில மீட்டிங். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ்லதான் ஏறுவாரு.

— மூச்சு முட்டுது மேடம். ஒரு ஜன்னலாவது திறங்க.

— கரையான் வந்ததுல இருந்து அதெல்லாம் ஆணி அடிச்சாச்சு. அந்தா, அந்தக் கண்ணாடி வழியா சமணர் மலை தெரியும். அதைப் பாத்துக்கிட்டு மூச்சு விடுங்க. நான் பதிமூணு வருஷமா அப்படித்தான் விடுறேன்.

— மேடம், பேச்ச மாத்த விடாதீங்க! ஏன் திறக்கலன்னு அவரு வாயாலயே சொல்லச் சொல்லுங்க.

— பாருங்க தங்கச்சி, உங்க காலேஜ்ல டெலிபோன் வயரு வழியா வந்த இன்டர்நெட்ட எடுத்துட்டு, புதுசா லைன் போட்டாங்கள்ல? அதுல காலேஜோட இன்டர்நெட் நம்பரு மாறிருச்சு. அந்த நம்பர வச்சுத்தான் ஜர்னல் கம்பெனிக்காரன் நம்மள அடையாளம் கண்டுக்கிறான். புது நம்பரு அவனுக்குத் தெரியாது. யாரோ எவரோன்னு கதவச் சாத்திட்டான்.

— அப்பப் புது நம்பர அவன்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? மேடம் சொன்னாப் போதாதா?

— நான் சொன்னாக் கேக்க மாட்டான் இந்து. பதிவுல யாரு பேரு இருக்கோ அவரு எழுதிக் கையெழுத்துப் போடணும். யாரு பேரு சார் இருக்கு பதிவுல?

— ...என் பேருதான்.

— சத்தமாச் சொல்லுங்கண்ணே, பின்னாடி படிக்கட்டுல இருக்கிறவங்களுக்குக் கேக்கல!

— என் பேருதாம்மா! இந்த ஹரிராம் பேரு! அதுக்கும் காரணம் இருக்கு. ரெண்டாயிரத்தொண்ணுல, அச்சு இதழுக்குச் சந்தா கட்டினா ஆன்லைன் சும்மாவே தாரேன்னான் கம்பெனிக்காரன். பதிவு பண்ண, தபால் உறையில ஒட்டி வர்ற சந்தாதாரர் நம்பர் வேணும்னான். உங்க இதழெல்லாம் மொத்தமா என் கடைக்குத்தான் வரும். நான் உடைச்சு, வராதத எழுதி வாங்கி, கட்டாக் கட்டிக் கொண்டாந்து குடுப்பேன். உறையில எல்லாம் என் கடை விலாசம், என் நம்பரு. இங்க அப்ப ஒரு மெயில் ஐ.டி. கூடக் கிடையாது. அவசரத்துல என் நம்பரையே குடுத்துட்டேன்.

— அதாவது இந்து, கம்பெனிக்காரன் கணக்குப்படி நம்ம காலேஜ் நாகமலைப் பக்கம் இல்ல. சிம்மக்கல்லுல வாழைப்பழ மண்டிக்கு மேல மாடியில இருக்கு. மூவாயிரம் பிள்ளைங்களும் அங்கதான் படிக்குது.

— அய்யோ மேடம்! அதான் எனக்கு டிகிரி கனியவே மாட்டேங்குதா?

— சிரிங்க, சிரிங்க. அன்னைக்கு நான் அதைச் செய்யலன்னா உங்களுக்கு ஆன்லைன்னா என்னன்னே தெரிஞ்சிருக்காது.

— அதை நான் என்னைக்கும் மறக்கல சார். ஆனா இந்த ஒரு மாசத்துல அஞ்சு வாட்டி போன் பண்ணிட்டேன். அஞ்சு வாட்டியும் ‘பாத்துக்கலாம் மேடம்’. ஒருக்கா கம்பெனியோட சென்னை ஆபீஸ்ல ஆளு மாறிட்டாருன்னீங்க. ஒருக்கா பாஸ்வேர்டு எழுதின டைரி மழையில நனைஞ்சு போச்சுன்னீங்க. மதுரையில மழை பேஞ்சு எம்புட்டு நாளாச்சு?

— பாத்துக்கலாம் மேடம்.

— ஆறு. இன்னைக்கு சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான் பேக்ஸ் வாங்குவேன்னுட்டான் கம்பெனிக்காரன். அதுக்கு மேல போனா இந்த வருஷ ஃபைலையே மூடிருவானாம். பழைய இதழு எல்லாத்துக்கும் முதல்ல இருந்து எழுதணும். மணி இப்ப ஒண்ணு இருபது. வாங்க, மொதல்ல சாப்பிடுங்க.

— இந்த நேரத்துல எனக்கு எப்படி மேடம் இறங்கும்?

— தக்காளி சாதம். வெங்காயம் போடல. வெள்ளிக்கிழமை நீங்க சேக்க மாட்டீங்கள்ல.

— அது எப்படித் தெரியும்? இதென்ன ரெண்டு ஆளு சாப்பாடு வச்சிருக்கீங்க?

— எங்கப்பாவுக்குக் கை பெருசு. வாத்தியாரா இருந்தவரு, ரிட்டயரானதுல இருந்து சமையக்கட்டுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். அப்பளத்தை எடுங்க, நமத்துரும்.

— ஒரு நிமிஷம் மேடம். வீட்டுல இருந்து போனு. அம்மா. இல்ல, நீங்க எந்திரிக்க வேண்டாம், நான் அலமாரிப் பக்கம் போயி பேசிட்டு வாரேன்.

— இந்து, வெயில்ல உக்காராதீங்க. வராண்டாவுக்கு வாங்க எல்லாரும்.

— வந்துட்டோம் மேடம். மேடம்... அண்ணன் பேசுறது இங்க வரைக்கும் கேக்குது.

— கேட்டா என்ன, அவங்க பாஷையில பேசுறாரு. எனக்கு ரயிலு போற மாதிரி இருக்கும். ஒரு பெட்டியும் பிடிபடாது... என்ன சார், பேசியாச்சா? வீட்டுல ஏதும் விசேஷமா?

— ஒண்ணுமில்ல. சாப்பாட்டுக்கு வர நேரமாகும்னு சொன்னேன்.

— பொய்யி! அண்ணே, முழுப் பொய்யி! நானும் சௌராஷ்டிராதாண்ணே. கிருஷ்ணாபுரம் தெரு. ஒரு வார்த்தை விடாம விளங்குச்சு.

— தங்கச்சி, வேண்டாம்மா.

— மேடம், ஞாயித்துக்கிழமை பரமக்குடிக்குப் பொண்ணு பாக்கப் போகணும்னு அம்மா சொல்றாங்க. இவரு, இந்தக் காலேஜ் வேலை முடியாம நான் எங்கயும் வர மாட்டேங்கிறாரு. அம்மா அழுதுட்டாங்க போல. அஞ்சு வருஷமா இதையேதான சொல்ற, அப்படி என்னதான்டா முடியாத வேலைன்னு கேட்டாங்க. அதுக்கு இவரு, ‘அம்மா, அம்மா’ன்னு ரெண்டு தடவ சொல்லிட்டு வச்சிட்டாரு.

— இந்து, நீ எல்லாரையும் கூட்டிட்டுப் போயி தண்ணி குடிச்சிட்டு வா.

— தாகமில்ல மேடம்.

— இந்து.

— சரி மேடம், தாகமாத்தான் இருக்கு.

— ...சாதம் ஆறுது சார்.

— ம்.

— உங்க பையில, டைரிக்குள்ள ஒரு நீலக் கவரு இருக்குல்ல. ஒவ்வொரு வாட்டி வரும்போதும் வெளிய எடுப்பீங்க. ஒருக்காப் பாப்பீங்க. திரும்ப உள்ள வச்சிருவீங்க. அது என்னது?

— அது சும்மா மேடம். பழைய கொட்டேஷனு.

— குடுங்க, பாப்போம்.

— மேடம்...

— நானும் எங்கயும் ஓட முடியாது, நீங்களும் ஓட முடியாது. குடுங்க.

— ...இந்தாங்க.

— இது... பதிவை நூலகர் பேருக்கு மாத்துற பாரம். என் பேரு டைப் அடிச்சிருக்கு. ஆர். டயானா. முப்பத்தெட்டு ஜர்னலும் வரிசையா இருக்கு. உங்க முத்திரை கூட குத்திருக்கு. தேதி, ரெண்டாயிரத்து மூணு ஜனவரி. சார், இதுக்கு ரெண்டு வயசாகப் போகுது!

— ஆமா.

— கையெழுத்து மட்டும் இல்ல.

— ஆமா.

— ஏன்?

— பதினோரு காலேஜு வச்சிருந்தேன் மேடம். ஒவ்வொருத்தரா, நேரடியா கம்பெனிக்கிட்டயே வாங்கிக்கிறோம், ஏஜென்ட்டு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஒம்பது போச்சு. ஒம்பதுக்கும் இதே பாரத்துல, கேட்ட அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, நல்லா இருங்கன்னு சொல்லிட்டு வந்தவன் நான். தொழிலு போறதப் பத்தி எனக்கு வருத்தமில்ல. கீழ வாழைப்பழம் வித்தாலும் பொழச்சுக்குவேன். இங்க மட்டும்தான் பேனாவத் திறந்தா கை ஓட மாட்டேங்குது. ஜனவரியில இருந்து நீங்களும் நேரடியா வாங்கப் போறீங்க. இந்த ஒரு பதிவு என் பேருல இருக்கிற வரைக்கும், ஏதோ ஒண்ணு ரிப்பேராகும், நீங்க போன் பண்ணுவீங்க, நான் வருவேன். இதுவும் போயிட்டா, எதைச் சொல்லிக்கிட்டு நான் இந்தப் படி ஏறுறது?

— அதுக்காகப் பிள்ளைங்க படிப்ப நிறுத்துவீங்களா?

— தப்புதான். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இன்னைக்கு போட்டுரலாம், நாளைக்கு போட்டுரலாம்னு ஒரு மாசத்தை ஓட்டிட்டேன். நானாவே ஒரு மூலைக்குள்ள போயி நின்னுக்கிட்டேன் மேடம். வெளிய வர வழி தெரியல.

— வழி தெரியாதவரு நீங்க மட்டும் இல்ல. போன வருஷம் அந்தக் கம்பெனிக்காரன் எனக்கு நேரா ஒரு மெயில் போட்டான். உங்க பதிவு ஏஜென்ட் பேருல இருக்கு, உங்க பேருக்கே மாத்திரட்டுமா, ஆமான்னு ஒரு வார்த்தை எழுதினாப் போதும்னு.

— ஆமான்னு எழுதலையா?

— வேண்டாம், எங்க ஏஜென்ட் நல்லாப் பாத்துக்கிறாரு, அவரு பேருலயே இருக்கட்டும்னு எழுதினேன். இப்பப் போயி கேட்டா, அந்த மெயிலையே எடுத்துக் காட்டுறான். நீங்கதான எழுதிக் குடுத்தீங்க, அவரு கையெழுத்து இல்லாம ஒண்ணும் செய்ய முடியாதுங்கிறான்.

— ஏன் அப்படி எழுதினீங்க... டயானா?

— பேரைச் சொல்ல அஞ்சு வருஷமாச்சா? ஏன்னா, வீடு, காலேஜு, கோயிலு, திரும்ப வீடு. இதுதான் நான். நடுவுல மூணு மாசத்துக்கு ஒருக்கா, வாசல்ல ஒரு ஓட்டை ஸ்கூட்டர் சத்தம் கேக்கும். அது நின்னுரக் கூடாதுன்னு நினைச்சேன். ஆனா பாவம், அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுச்சு? நம்ம ரெண்டு பேரும் பேசாம இருக்கிறதுக்கு அதுங்க பரிட்சையில தோக்கணுமா?

— பேனா இருக்கா?

— உங்க சட்டைப் பையிலயே இருக்கு.

— எங்க போடணும், இங்கயா?

— அடியில. தேதியத் திருத்தி, அதுக்குப் பக்கத்துலயும் ஒண்ணு. புது இன்டர்நெட் நம்பர நான் எழுதிக்கிறேன்.

— போட்டாச்சு. இனிமே நான் உங்களுக்கு யாருமில்ல. வாட்ச்மேன் காளை கேப்பாரு, என்ன வேலையா வந்தீங்கன்னு. என்ன சொல்ல?

— இங்க எதுக்கு வர்றீங்க? ஞானஒளிவுபுரம் வாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு பத்தரைக்கெல்லாம் அப்பா வீட்டுக்கு வந்துருவாரு. ராயப்பன் சார் வீடுன்னா யாரும் காட்டுவாங்க. கேள்வி நிறையக் கேப்பாரு. பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லிராதீங்க.

— ஞாயித்துக்கிழமை பரமக்குடி...

— ஆமால்ல. அது உங்க இஷ்டம் சார்.

— சார் வேண்டாம். அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிருறேன். அழுவாங்க. உங்க அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரா?

— வெங்காயம் இல்லாம தக்காளி சாதம் செய்யச் சொன்னப்பவே, அது யாருக்குன்னு கேட்டுட்டாரு. நானும் சொல்லிட்டேன்.

— அப்ப அவருக்குக் கை பெருசுன்னது?

— மேடம்! தண்ணி குடிச்சு வயிறே உப்பிருச்சு மேடம். இனிமே வரலாமா?

— வா இந்து. இந்தா, கம்பி வழியா வாங்கு. ஆபீஸ்ல சீனியம்மாள் அக்காட்ட குடுத்து, உடனே சென்னைக்கு பேக்ஸ் போடச் சொல்லு. வந்துருச்சான்னு போன்ல கேட்டுட்டு வா. ஓடு!

— ஓடுறேன் மேடம்!

— நல்ல பொண்ணு. வாய்தான் கொஞ்சம்.

— நல்ல பொண்ணுதான். இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?

— வைங்க. இப்ப இறங்குது. இந்த அறைக்குள்ள காத்து வருதா என்ன?

— இல்லையே. ஜன்னலெல்லாம் ஆணி அடிச்சது அப்படியேதான் இருக்கு.

— மேடம்! போயிருச்சு மேடம்! சென்னையில எடுத்துட்டாங்க. நாளைக்குக் காலையில முப்பத்தெட்டும் திறந்துருமாம். அண்ணே, வாழ்க!

— நல்லாப் படிங்கம்மா. இப்பயாவது இந்தப் பூட்டத் திற. பூட்டி வைக்கிற ஐடியா எந்த மகராசன் குடுத்தானோ.

— நான் எப்படிண்ணே திறக்க? பூட்டு மேடம் வாங்கிட்டு வந்தது. பூட்டின கையோட சாவிய கம்பி வழியா அவங்களே வாங்கிக்கிட்டாங்க. மேடம், லேபிள் டப்பாவுக்கு அடியிலதான வச்சீங்க?