கீழே வைத்த பை

2019 மார்ச் 9, சனிக்கிழமை. தாஸ்மானியாவில் ஹுவான்வில் அருகே ஒரு வீட்டு முற்றத்தில் காலை எட்டு மணிக்குப் பழைய சாமான் விற்பனை தொடங்கியது. நல்ல வெயில்.

நான் பழைய பொத்தான்களை வாங்கி, உடையில் குத்திக்கொள்ளும் ப்ரோச் செய்து சந்தையில் விற்பவள். இந்த விற்பனைகளில் எழுதாத விதி ஒன்று உண்டு. கையில் இருக்கும்வரை பொருள் உங்களுடையது. கீழே வைத்துவிட்டால், புல்லிலானாலும் மேசையிலானாலும், யாரும் எடுக்கலாம். நான் ஒருநாளும் அதை மீறியதில்லை.

ஜனவரியில், வேறொரு வீட்டில், ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. மேலே சிப்பிப் பொத்தான்கள். உதட்டில் வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தன. பிளாஸ்டிக் அப்படி இருக்காது. அடியில் துக்க உடைக்குத் தைக்கும் கறுப்புக் கண்ணாடிப் பொத்தான்கள், ஒன்றுகூடக் குறையாமல். மறுபடி கிடைக்காத பொருள். வீட்டுக்காரர் மேசையை நகர்த்த முடியாமல் தடுமாறினார். டின்னைப் புல்லில் வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தேன். திரும்பினால் டின் கிளெண்டா பர்டனின் கையில் இருந்தது. அவளும் என்னைப் போல வாரம் தவறாமல் வருபவள்.

என்னுடையது என்றேன்.

“கீழ வச்சுட்டியே, நொலீன் கண்ணு. இத்தனை வருஷமா வர்ற, ரூல் தெரியாதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வீட்டுக்காரரும் சிரித்தார்.

அடுத்த மாதச் சந்தையில் அந்தக் கறுப்புப் பொத்தான்களைப் பார்த்தேன். போட்டோ சட்டங்களில் சூடான பசையால் ஒட்டியிருந்தாள். பசை வழிந்து கண்ணாடி மங்கிப்போயிருந்தது. எனக்கு ஒன்றை விலை குறைத்துத் தருவதாகச் சொன்னாள். நன்றி சொன்னேன். கோபத்தில் செய்ததாக வாக்குமூலத்தில் எழுதிக்கொள்கிறீர்கள். எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

துள்ளெறும்பு கடித்தால் கிளெண்டாவுக்குத் தொண்டை அடைத்துவிடும். எல்லோருக்கும் தெரியும், அவளே சொல்லிக்கொண்டிருப்பாள். பச்சைத் துணிப்பையில் எப்போதும் அதற்கான ஊசி இருக்கும்.

அன்று வேலியோரம் பழைய சன்னல் சட்டங்களை அடுக்கியிருந்தார்கள். அவற்றின் பின்னால் பொடிக்கல் மேடு ஒன்று. இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது எதன் புற்று என்று தெரியும். ஆனால் சட்டங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் கண்ணில் அது படாது. நான் பின்னால் போய்ப் பார்த்திருந்தேன்.

அடியில் உள்ள சட்டத்தில் வண்ணக் கண்ணாடி இருப்பதாகக் கிளெண்டாவிடம் சொன்னேன். பொய் இல்லை, இருந்தது. சட்டங்களைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் அதை எடுத்து விற்கிற பெண்ணிடம் காட்டினேன். கூட்டத்தில் அவள் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு டாலர் என்றாள். கொடுத்தேன். பையைக் காரில் வைத்துவிட்டு வந்தேன்.

கிளெண்டா கழுத்தைப் பிடித்தபடி புல்லில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் மேசைகளுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“நொலீன்... என் பச்சைப் பை... பாத்தியா?”

அவள் காதருகே குனிந்தேன்.

“கீழ வச்சுட்டியே, கண்ணு.”

ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துவிட்டாள். மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும். பையைத் திருடினேன் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் அதற்குக் காசு கொடுத்தேன்.