உரிமையாளர் நாற்காலியில் உட்கார்ந்தது பற்றி

கேஸ்கட்காரர் என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வயது எழுபத்து மூன்று. மருந்துக் கடை மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. குக்கர் மூடிக்கு ரப்பர் கேஸ்கட் வளையம் செய்யும் தொழிலை நானே கற்றுக்கொண்டு முப்பது பேரை வைத்துப் பட்டறை நடத்தினேன். மேற்பார்வை என் மனைவி. பெரிய கம்பெனி ஒன்று, தங்கள் பெயரைப் பொறித்துக் கொடுத்தால் சரக்கு முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. மனைவி ஒப்புக்கொள்ளச் சொன்னாள், நான் மறுத்தேன். இரண்டு வருடத்தில் பட்டறையை மூடினேன். அடுத்த வருடம் மனைவி இறந்தாள்.

அதன் பிறகு, தனியார் மேலாண்மைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் என்னிடம் விசாரித்து இதைப் பாடமாக எழுதினார். அங்கே முதுகலை மாணவர்கள், நடந்த தொழில் கதையைப் படித்துவிட்டு, ஒருவர் உரிமையாளராகவும் ஒருவர் எதிர்த்தரப்பாகவும் முன்னால் உட்கார்ந்து வாதாடுவது வழக்கம். அவர் அனுமதியோடு வருடத்துக்கு ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டு வந்தேன். ஆறு வருடத்தில் ஆறு பெண்கள் எதிர்த்தரப்பில் என் மனைவியாகப் பேசினார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே பேசினாள், அதையும் கேட்டேன்.

இந்த வருடம் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். பாடம் பழசாகிவிட்டது, இதுதான் கடைசி முறை, வெளியார் வரக்கூடாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். செவ்வாய் காலை பத்து மணிக்கு மாணவர்களோடு உள்ளே போனேன். காவலாளி, "என்ன பெரியவரே, இந்த வருசமும் பாஸ் ஆகலையா?" என்றார். அவர் மேல் தவறில்லை.

அதன் பிறகு, மனைவியாகப் பேச வந்த பெண் முதலில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தாள். என் மனைவிக்கு அந்தப் பழக்கம் உண்டு. பேராசிரியரிடம் நான் அதைச் சொன்னதில்லை. பிறகு, "ஏங்க, பேரைக் கட்டிக்கிட்டு என்ன செய்யப்போறீங்க?" என்றாள். எதிரில் இருந்த மாணவன் தாளைப் புரட்டிப் பதில் தேடினான். நான் முன்னால் போய், "எந்திரி தம்பி, அவ கேட்டது என்னைய" என்று சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவனைத் தள்ளியதாகக் கல்லூரி கொடுத்த புகாரில் இருப்பது பொய்.

"என் பேரு இல்லாம ஒரு வளையம் வெளிய போகாது" என்றேன். கம்பெனிக்கு மறுத்த அன்று மனைவியிடம் சொன்னதும் அதுதான். பெயர் விஷயத்தில் என் முடிவு சரி என்றே இன்றும் சொல்கிறேன்.

அந்தப் பெண் தாளைப் பார்க்கவில்லை. "சரி, போதும். வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அன்று என் மனைவி அப்படிக் கூப்பிடவில்லை. தனியாகப் போனாள், நான் விளக்கை அணைக்காமல் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வகுப்பைக் கெடுக்க உட்கார்ந்திருக்கவில்லை. காவலாளி கைகொடுத்துத் தூக்கினார்.

இனி அங்கே போகமாட்டேன் என்று காவல் ஆய்வாளர் இந்த வாக்குமூலத்தில் எழுதிய வரியை அடிக்கச் சொன்னேன். "பாடத்தையே எடுத்துட்டாங்களே, இனி அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார். "நாற்காலி ரெண்டும் அங்கதான இருக்கு" என்றேன். வரியை அடித்துவிட்டார். மற்றதைப் படித்துக்காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை.

(ஒப்பம்)